சுறாவின் பல்லும் அது கிடந்த படுகையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழ்க்கரையில், மேரிலாந்து மாகாணத்தில், செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் நீண்டு நிற்கும் கால்வெர்ட் குன்றுகளை, 1608-ஆம் ஆண்டில் படகேறி அவ்வழியே பிரயாணம் செய்த ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர், தம் தாயார் பிறந்த குடும்பத்தின் பெயரால் ரிக்கார்டு குன்றுகள் என்று தமது வரைபடத்தில் குறித்து வைத்தார். களிமண்ணும் மணலும் சிப்பிக் குவியலும் மாறி மாறிப் படிந்து, சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேலாகச் செங்குத்தாக உயர்ந்திருக்கும் அந்தச் சுவர்கள், மியோசீன் யுகத்தில், அதாவது இன்றைக்குச் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையில், அப்பிரதேசத்தை மூடியிருந்த ஆழமில்லாத கடலின் அடித்தரையேயாகும். அலை அடிவாரத்தை அரிக்கிறது. குளிர்காலத்து உறைபனி உச்சியைப் பிளக்கிறது. சரிந்து விழுந்த மண்ணைக் கடல்நீர் கரைத்துக் கொண்டுபோக, கரையாத பொருள்கள் மட்டும் மணலில் தங்கிவிடுகின்றன. தங்கியவற்றுள் திமிங்கிலத்தின் எலும்பு உண்டு, கடற்பசுவின் விலா எலும்பு உண்டு, ஆமை ஓடும் உண்டு. எனினும் அந்தக் கரைக்கு வருகிறவர்கள், சிறுவர் முதல் முதியோர் வரை, முதுகு வளைந்து தேடுவது பெரும்பாலும் சுறாவின் பல்லைத்தான்.

ஏன் பல் மட்டும் இவ்வளவு ஏராளமாகக் கிடைக்க வேண்டும்? இறந்த பின் தன் உருவத்தை மிச்சம் வைத்துப் போகும் இயல்பு சுறாவின் உடலுக்கு இல்லை. திமிங்கிலத்துக்கும் ஆமைக்கும் உள்ளது போன்ற கெட்டியான எலும்புக்கூட்டை இயற்கை அதற்கு அளிக்கவில்லை. அதன் உடலைத் தாங்குவதெல்லாம் குருத்தெலும்பே. சுண்ணச் சத்து ஏறி இறுகிய முதுகெலும்பு வட்டுக்கள் சில தப்புவதைத் தவிர, மற்ற யாவும் அழுகி மறைந்துபோக, பல் ஒன்றுதான் அழிவை எதிர்த்து நிற்கிறது. ஏனெனில் அதன் மேற்பூச்சு ஃபுளோரின் கலந்த பாஸ்பேட் தாதுவால் ஆனது, உயிருடன் இருக்கும்போதே பாதி கனிமமாகிவிட்டது என்று சொல்லலாம். இதற்குமேல் இன்னொரு காரணமும் உண்டு. சுறாவின் பற்கள் நம் பற்களைப் போலத் தாடைக் குழியில் வேரூன்றியவை அல்ல. ஈற்றுத் தோலில் பதிந்து, முன்வரிசை உதிர உதிரப் பின்வரிசை நகர்ந்து வந்து அதன் ஸ்தானத்தை ஏற்கும்படி அமைந்தவை. சில வகைகளில் ஒரு பல்லின் ஆயுள் ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. ஆகவே ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலின் அடியில் சிந்திவிட்டுச் செல்கிறது. ஒரு பல் கிடைத்தது என்பதனால் அங்கே ஒரு சுறா மாண்டது என்று கொள்ள வேண்டியதில்லை, அது அங்கே உலாவியது, இரை தேடியது என்பதே நிச்சயம்.

கால்வெர்ட் கரையில் அகப்படும் பற்களுள் மிக அழகானது எது என்று என்னைக் கேட்டால், யாவரும் தேடும் பூதாகரமான மெகலோடன் சுறாவின் பல்லைச் சொல்லமாட்டேன். ஹெமிப்ரிஸ்டிஸ் என்ற சுறாவின் மேல்தாடைப் பல்லையே சொல்வேன். கட்டைவிரலின் அகலமுள்ள அந்தப் பல்லை வெளிச்சத்தில் சற்றே திருப்பிப் பார்த்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்த முக்கோண வடிவமும், இரு ஓரங்களிலும், கதிரறுக்கும் கருக்கரிவாளில் இருப்பது போன்ற கருக்கும் தெரியும். அந்தக் கருக்கு அடியில் மெல்லியதாகத் தொடங்கி, மேலே போகப் போகப் பருத்து, நுனியை எட்டுவதற்குச் சற்று முன்பே திடீரென நின்றுவிடுகிறது. நுனி மட்டும் ஊசியைப் போல் வழவழப்பாக இருக்கிறது. கீழ்த்தாடைப் பல்லோ முற்றிலும் வேறான உருவம்: ஒடுங்கி, நீண்டு, அடியில் மட்டும் சிறு முட்கள் இரண்டொன்று துருத்திக்கொண்டு நிற்கும். கீழ்ப்பல் இரையைக் குத்திப் பிடிக்கும், மேற்பல் அறுக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. இந்த வமிசத்தின் கடைசி வாரிசாகிய ஒரே ஓர் இனம் இன்றும் நம் இந்து சமுத்திரத்திலும் அதை அடுத்த கடல்களிலும் உயிர் வாழ்கிறது என்பது, அந்தப் பல்லைக் கையில் வைத்திருக்கும் தமிழனுக்கு ஒரு தனிப் பிரியத்தை உண்டாக்காமல் போகாது.

பல்லின் நிறத்தைக் கண்டு அதன் வயதைக் கணிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. உயிர்ச் சுறாவின் வெண்மையான பல், மண்ணில் புதைந்த பின், அந்த மண்ணில் ஊறும் நீரிலுள்ள தாதுக்களை உறிஞ்சி அவற்றின் நிறத்தையே பெறுகிறது. ஃபுளோரிடாவில் பீஸ் ஆற்றின் படுகையிலிருந்து சலித்தெடுக்கும் பற்கள் கறுத்திருக்கின்றன. மொராக்கோ நாட்டில் கூரிப்கா என்னும் ஊரைச் சுற்றியுள்ள பாஸ்பேட் சுரங்கங்களில் வெட்டியெடுப்பவை, அவற்றைவிடப் பல கோடி ஆண்டுகள் முதியவையாயினும், வெளுத்த மஞ்சள் நிறத்தோடு விளங்குகின்றன. நிறம் சொல்வது புதைந்த இடத்தைப் பற்றி; காலத்தைச் சொல்வது பல் கிடந்த படுகை. இந்த உண்மையை மனித சமூகம் அறிந்துகொண்டதே ஒரு சுறாவின் தலையினால் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் நடுநாயகமான செய்தி.

ஐரோப்பிய மக்கள் இப்பற்களை நெடுங்காலம் கல்லாகிய நாக்குகள் என்றே கருதிவந்தார்கள். ரோமாபுரியின் பிளினி, சந்திரன் தேயும் இரவுகளில் இவை வானத்திலிருந்து விழுகின்றன என்னும் நம்பிக்கையைத் தமது நூலில் எழுதிவைத்தார். மால்டா தீவிலோ, கப்பல் உடைந்து கரையேறிய பவுல் என்ற கிறிஸ்தவ அடியாரைப் பாம்பு தீண்டியதாகவும், அவர் அத்தீவின் பாம்புகளைச் சபித்ததாகவும், அவற்றின் நாக்குகளே பாறையில் கல்லாய்ப் பதிந்தனவென்றும் ஒரு கதை வழங்கிற்று. அதனால் இந்தக் கற்களுக்கு விஷத்தை முறிக்கும் சக்தி உண்டென்று எண்ணி, பிரபுக்கள் அவற்றை வெள்ளியால் செய்த சிறு மரக்கிளைகளில் தொங்கவிட்டு விருந்து மேசையில் வைத்தார்கள். பானம் அருந்துமுன் பல் ஒன்றை எடுத்து அதில் தோய்த்தார்கள். 1616-இல் ஃபாபியோ கொலோனா என்ற இத்தாலியப் பண்டிதர் இவை நாக்குகளல்ல, பற்களே என்று வாதித்ததோடு நில்லாமல், அவற்றை நெருப்பிலிட்டுப் பார்த்து, சுண்ணாம்பாகுமுன் கரியாகக் கருகுவதைக் கண்டு, இவை ஜீவனுள்ள உடலிலிருந்து வந்தவை என்று எடுத்துக் காட்டினார். அபிப்பிராயம் சரியானதாயினும் அதைக் கேட்பார் அதிகம் இல்லை.

1666-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு அருகே மீனவர் ஒரு பெரிய வெள்ளைச் சுறாவைப் பிடித்தார்கள். டஸ்கனியின் கோமகனாகிய இரண்டாம் ஃபெர்டினாண்டோ, அதன் தலையை வெட்டி ஃபுளோரன்ஸ் நகருக்கு அனுப்பச் செய்து, தமது சபையில் இருந்த 28 வயது டேனிஷ் உடற்கூற்று நிபுணராகிய நீல்ஸ் ஸ்டெனோவிடம் அதை அறுத்து ஆராயும்படி ஒப்படைத்தார். ஸ்டெனோ அத்தலையின் தோலையும் நரம்பையும் கண்ணையும் மூளையையும் ஒவ்வொன்றாக விவரித்துவிட்டுப் பற்களுக்கு வந்தபோது, மால்டாவின் நாக்குக் கற்கள் அவர் நினைவுக்கு வந்தன; அந்த இரண்டும் ஒரே உருவம் என்ற அளவில் அவர் திருப்தியடையவில்லை. கல் மண்ணுக்குள் முளைத்து வளர்ந்ததாயின், பாறை இடுக்கில் வளரும் மரவேர் நெருக்கத்தால் கோணிப் போவது போல அதுவும் கோணியிருக்க வேண்டும். அன்றியும் தன்னைச் சூழ்ந்த மண்ணைப் பிளந்திருக்க வேண்டும். ஆனால் இக்கற்களோ எங்கே கிடைத்தாலும் ஒரே வடிவம் மாறாதிருக்கின்றன, சூழ்ந்த மண்ணிலும் வெடிப்பில்லை. ஆதலால் பல் புதைந்த காலத்தில் அம்மண் நீரோடு கலந்த சேறாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் அனுமானித்தார். இவ்வளவு ஏராளமான பற்கள் ஒரே தீவில் எப்படி வரும் என்று கேட்பாருக்கு, ஒரு சுறாவின் வாயிலேயே 200 பற்களுக்கு மேல் உண்டு, அவை புதிது புதிதாக முளைத்துக்கொண்டும் இருக்கின்றன என்று, தாம் அறுத்த தலையையே சாட்சியாக வைத்துப் பதில் சொன்னார்.

1667-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில் இதையெல்லாம் அவர் முடிந்த முடிபாக அல்லாமல் ஊகமாகவே எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஊகம் அவரை விடவில்லை. ஒரு திடப்பொருள் இன்னொரு திடப்பொருளுக்குள் எப்படி அடங்கியது என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டு டஸ்கனியின் மலைகளையும் குன்றுகளையும் பரிசீலித்து, 1669-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில்தான், கீழே உள்ள படுகை முந்தியது, மேலே உள்ளது பிந்தியது, படுகைகள் யாவும் முதலில் கிடைமட்டமாகவே படிந்தன என்னும் விதிகள் முதன்முதலாகத் தெளிவான வாசகத்தில் இடம்பெற்றன. பூமியின் சரித்திரத்தை வாசிப்பதற்குரிய இலக்கணம் அது. சுறாவின் பல்லில் தொடங்கிய கேள்வியே படுகையின் விதியில் வந்து முடிந்தது.

படுகையை மறந்துவிட்டுப் பல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் எத்தகைய தவறு நேரும் என்பதற்கு மெகலோடனின் வரலாறே சான்று. மீன் புதைபடிவங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய லூயி அகாசிஸ் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெயரிட்ட இந்தச் சுறாவின் பல், சில சமயம் 17 சென்டிமீட்டரையும் எட்டுகிறது. விரித்த உள்ளங்கையை மறைத்துவிடும். சாலஞ்சர் என்ற ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தபோது, பசிபிக் சமுத்திரத்தில் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து இப்பற்கள் சிலவற்றை வாரியெடுத்தது; அவற்றின் மேல் மாங்கனீஸ் தாது கறுப்பாகப் படிந்திருந்தது. 1959-இல் செர்னெஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், அந்தப் படிவின் கனத்தை அளந்து, அது ஒரே சீரான வேகத்தில் ஏறியதென்று வைத்துக்கொண்டு, பற்களின் வயது ஒன்றுக்கு 24,000 ஆண்டு, மற்றொன்றுக்கு 11,000 ஆண்டு என்று கணித்தார். அவ்வளவுதான், மெகலோடன் இன்றும் ஆழ்கடலில் ஒளிந்து வாழ்கிறது என்ற வதந்தி உலகெங்கும் பரவிற்று. மாங்கனீஸ் எங்கும் ஒரே வேகத்தில் படிவதில்லை. பழைய பல் அடித்தரையில் நெடுங்காலம் வெறுமனே கிடந்த பிறகும் படிவு தொடங்கலாம். வயது நிச்சயமான படுகைகளில் கிடைத்த பற்களையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, இந்தச் சுறா சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது என்று தெரிந்தது.

அதன் உருவ அளவைப் பற்றியும் இப்படியே நேர்ந்தது. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1909-இல் பேஷ்ஃபர்டு டீன் அமைத்த தாடைக்குள் மனிதர் கூட்டமாக அமர்ந்து படம் பிடித்துக்கொள்ள முடிந்தது. முன்பக்கத்துப் பெரிய பற்களின் அளவையே தாடை முழுமைக்கும் கொண்டதனால், அது உண்மையினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது. ஒரே விலங்குக்குரிய பற்கள் ஓரிடத்தில் ஒருங்கே கிடைத்தபோதுதான், கடைவாயை நோக்கிப் போகப் போகப் பல் எவ்வளவு சிறுக்கிறது என்பது விளங்கிற்று.

இனி, படுகையோடு சேர்த்துப் பொறுக்கிய பற்கள் என்ன சொல்லும் என்பதைப் பார்ப்போம். ஷாட்டக் என்ற புவியியலார் 1904-இல் கால்வெர்ட் குன்றுகளின் படுகைகளை 24 மண்டலங்களாகப் பிரித்து எண்ணிட்டார். பத்தாவது மண்டலம், பன்னிரண்டாவது மண்டலம் என்று பல் பொறுக்குவோர் இன்றும் அந்த எண்களாலேயே பேசுகிறார்கள். மெகலோடனுக்கு முன்னோடியான சுறாவின் பல்லில், நடு முனைக்கு இருபுறமும் அடியில் ஒவ்வொரு குட்டி முனை உண்டு. வளர்ந்த மெகலோடனில் அவை இல்லை. இரண்டும் வெவ்வேறு இனங்களென்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். 2018-இல், இக்குன்றுகளில் எந்தப் படுகையிலிருந்து வந்தவை என்பது தெளிவாகப் பதிவான 359 பற்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அடிப்படுகைகளில் குட்டி முனையுள்ள பற்களே மிகுந்திருப்பதும், மேலே வர வர அவை அருகுவதும், உச்சிப் படுகைகளில் அறவே மறைந்துபோவதும் கண்கூடாயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல நிகழ்ந்த மாற்றம் அது. ஓர் இனம் எந்த நாளில் முடிந்தது, மற்றோர் இனம் எந்த நாளில் தொடங்கியது என்று கோடு கிழித்துக் காட்ட இடமே இல்லை. பரிணாம சித்தாந்தத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எளிதில் கிடைக்காது. அதே பற்கள் பெயர்ச்சீட்டு இல்லாமல் ஒரு கண்ணாடிக் குடுவையில் குவிந்து கிடந்திருந்தால், பார்க்க அழகாக இருந்திருக்கும். வேறொரு பிரயோஜனமும் இல்லை.

சிறிய பல்லை அலட்சியம் செய்வதும் பொறுக்குவோரிடம் காணும் ஒரு பெருங்குறை. பனாமா நாட்டின் கட்டூன் படுகைகளில் கிடைத்த மெகலோடன் பற்களிற் பெரும்பாலானவை சிறியனவாக இருப்பதைக் கவனித்த கத்தலீனா பிமியெண்டோவும் அவருடைய சகாக்களும், அவை குட்டிச் சுறாக்களின் பற்களே என்று அளந்து நிரூபித்து, ஆழமில்லாத அந்தக் கடல் மெகலோடன் குட்டிகள் அபாயமின்றி வளர்ந்த இடம் என்று 2010-இல் வெளியிட்டார்கள். பெரிய பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மணலிலேயே விட்டிருந்தால் அந்த இடம் நமக்குத் தெரியவே வந்திராது.

பல் தேடுவோர் கடல் வற்றம் பார்த்தே கரைக்கு இறங்குகிறார்கள். புயலுக்கு மறுநாளும் குளிர்காலத்தின் இறுதியும் விசேஷமானவை, ஏனென்றால் புதிதாகச் சரிந்த மண்ணை அலை அப்போதுதான் கழுவியிருக்கும். கூழாங்கல்லும் சிப்பித் துண்டும் அலை நின்ற கோட்டில் ஒதுங்கியிருக்குமிடத்தில், சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில், ஈரத்தோடு பளபளக்கும் முக்கோணத்தைக் கண் பழகப் பழக இனம் காணும். சிலர் சல்லடையை நீரில் அமிழ்த்தி மணலைச் சலிக்கிறார்கள். ஆனால் குன்றின் அடியில் நிற்பதும் அதைக் குடைவதும் பிராணாபத்து. முன்னறிவிப்பின்றி மண் சரிந்து விழும். கால்வெர்ட் குன்றுப் பூங்காவில் குன்றின் மேல் ஏறுவதையும் அதன் அடிவாரத்தில் நடப்பதையும் தடுத்திருக்கிறார்கள். கரை மணலில் உதிரியாகக் கிடந்த பல்லுக்கும், சரிந்த மண்கட்டியில் பதிந்திருந்த பல்லுக்கும் உள்ள வேற்றுமையைச் சீட்டில் அப்போதே எழுதிவிட வேண்டும்; வீட்டுக்கு வந்து கழுவிய பின் எழுதலாம் என்று ஒத்திவைத்தால் இரண்டும் கலந்துவிடும். உதிரியாகக் கிடந்தது எந்தப் படுகைக்கு உரியது என்று அதன்பின் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இந்தச் செல்வம் அந்நிய நாடுகளுக்கே உரியதென்று யாரும் எண்ண வேண்டா. 1840-களில் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிக்கு அருகிலும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலும் திரட்டிய புதைபடிவங்களுள் மீன்களின் எச்சங்களும் இருந்தன. லண்டனில் பிலிப் எகர்ட்டன் அவற்றை ஆராய்ந்து 1845-இல் விவரித்தார். பின்னர் ஹென்றி பிளான்ஃபர்டு அப்பிரதேசத்தை நடந்து அளந்து, 1862-இல் வெளியிட்ட அறிக்கையில், படுகைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பெருந்தொகுதிகளாக வகுத்தார். அந்த வகுப்பு இல்லாதிருந்தால் அங்கே கிடைத்த எதற்கும் காலக்கிரமம் இருந்திராது. ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைப் படுகைகள் பெரம்பலூர் மாவட்டத்தில், மரமின்றி, மழைநீர் அறுத்த சிறு ஓடைகள் நிறைந்த களிமண் மேடுகளாகக் கிடக்கின்றன. ஜிப்சத் தகடுகள் வெயிலில் மினுங்கும் அந்தச் சிவந்த மண்ணில், பெலம்னைட்டு என்னும் விரல் போன்ற புதைபடிவங்கள் சிதறிக் கிடப்பதை நடந்து போகிற எவரும் காணலாம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அக்கடலின் சுறாப் பற்களை ஆராய்ந்தவர்கள், சீப்பைப் போல் பல முனைகள் ஒரே பல்லில் வரிசையாக நிற்கும் பசுச் சுறா வகை ஒன்றை, கிளாடியோசெர்ராட்டஸ் மேக்னஸ் என்னும் புதிய இனமாக 2011-இல் அறிவித்தார்கள். அதே காரைப் படுகைகளில், இங்கிலாந்தின் சுண்ணப் பாறையிலும் கிடைக்கும் டைகோடஸ் என்ற சுறாவின் பல்லும் கிடைத்திருக்கிறது. அதற்குக் கூர்நுனியே கிடையாது. தட்டையாக, மேலே குறுக்கு வரம்புகளோடு, ஒன்றோடொன்று ஒட்டித் தாடை முழுவதும் தளம் பாவினாற்போல் அமைந்த பல் அது. அறுக்கவோ கிழிக்கவோ பயன்படாத அந்தப் பல் ஓட்டை நொறுக்குவதற்கென்றே ஏற்பட்டது. அது கிடந்த படுகைகளில் கனத்த ஓடுடைய சிப்பிகளும் சேர்ந்தே கிடக்கின்றன.